பதினேழாம் குப்பி

மிளகு பறிக்கும் காலத்தில் அப்பாசாமியைத் தரையில் பார்ப்பது அரிது. விடிந்ததும் ஏறினால் வெயில் உச்சிக்கு வரும்வரை இறங்கமாட்டார். கணுக்கட்டைகளை மட்டும் விட்டுச் சீவிய ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்துக் கட்டி, தோளில் சாக்குப்பையை மாட்டிக்கொண்டு, ஐம்பத்து நான்கு வயதிலும் அவர் ஏறுகிற வேகத்தில் கீழே நிற்பவர்களுக்குத்தான் கால் கூசும். தன் தோட்டம் முடிந்தால் அடுத்தவர் தோட்டம். கூலி கேட்பதில்லை. பலாக்காய் இறக்க வேண்டும் என்றாலும் சரி, காப்பிச் செடிக்கு நிழல் கழிக்க வேண்டும் என்றாலும் சரி, திருப்புலி நாடு என்கிற அந்த மலையூர்களில் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கிற ஆள் அவர்தான். போன பிறவியில் குரங்காய்ப் பிறந்திருப்பார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஏன் இப்படி ஏறுகிறார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நல்ல மனிதர் என்று முடிவுகட்டிவிட்டால் அப்புறம் யார் காரணம் தேடப் போகிறார்கள்?

மாசி முதல் வாரம். பனி கலையாத ஒரு காலையில் அவருடைய மரத்தடியில் அப்துல் நாசர் வந்து நின்றார். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் மிளகும் காப்பியும் வாங்கி விற்கிறவர். இரண்டு பேருக்கும் இருபது வருடப் பழக்கம். கூடவே அவர் மகள் ஆஸியா வந்திருந்தாள். சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்பு படிக்கிறவள்.

"கவுண்டரே, சித்த எறங்கி வாங்க" என்று நாசர் அண்ணாந்து கூப்பிட்டார்.

"பாய்ங்களா? மெளகு இன்னும் காயலீங்க. பத்து நாள் போவட்டும்."

"மெளகுக்கு வரலீங்க. பாப்பா உங்களைப் பாக்கோணுமாம்."

கொடி இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு முகம் தெரிந்தது. "அட, டாக்டரம்மாவா? வா கண்ணு. ஊட்டுக்குப் போங்க, ராமாயி இருக்கா. இந்த மரத்த முடிச்சுட்டு வாரேன்."

"சரிங்க மாமா" என்றாள் ஆஸியா. வளைவுக்கு வளைவு பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்செல்லாம் அந்த மரத்தடியில் உதவவில்லை. மரத்தின்மேல் இருக்கிற ஒருவரிடம் கீழே நின்றுகொண்டு எப்படி ஆரம்பிப்பது? அவள் கையில் இருந்ததும் ஓர் எண் மட்டும்தான்.

போன கார்த்திகையில் அப்பாசாமிக்குக் கடைவாய்ப் பல் வலி எடுத்துக் கன்னம் வீங்கிப்போனது. மிளகு விஷயமாக வந்த நாசர் அவரைப் பார்த்துவிட்டு, தானே கூட்டிக்கொண்டு போய் மகள் படிக்கிற கல்லூரியில் விட்டார். வலது பக்கம், கீழ்வரிசை, கடைசிப் பல். வீக்கத்தில் வாய் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. இருந்த இடைவெளியில் பல்லை எடுத்தார்கள். பல்லை மூடியிருந்த ஈறுத் துண்டையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். குப்பைக்குப் போகவேண்டிய அந்தத் துண்டைத்தான் ஆஸியா அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய ஆராய்ச்சி அந்த மாதிரி. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் வேலை நடக்க நடக்கச் சில வேண்டாத துணுக்குகள் உண்டாகின்றன. விட்டுவைத்தால் அவை அக்கம்பக்கத்தை அரித்துவிடும். அவற்றை அவ்வப்போது அடக்கிவைக்கச் சில நொதிகள் இருக்கின்றன. டிஸ்முட்டேஸ், கேட்டலேஸ் என்று வாயில் நுழையாத பெயர்கள். வாய்ப்புற்று வந்த சதையில் இவற்றின் அளவு பல சமயம் மாறியிருக்கிறது. எது கூடுகிறது, எது குறைகிறது என்பதில் ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி வித்தியாசமும் இருக்கிறது. இந்த அளவை ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அவள் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சதை வேண்டும். நல்ல சதையை யார் வெட்டித் தருவார்கள்? பல் பிடுங்கும்போது கிடைக்கிற ஈறுதான் வழி.

கையெழுத்து வாங்கும்போது ஒப்புதல் பாரத்தில் இருந்ததைப் படித்துக் கேட்டிருந்தாள்.

"வெத்தல, பொகையில ஏதாவது போடுவீங்களா மாமா?"

"அதெல்லாம் விட்டு ஒம்பது வருசமாச்சு சாமி."

கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னார். அவள் 'இல்லை' என்று எழுதினாள். துண்டு பதினேழாம் எண் குப்பியில், நல்லவர்கள் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து வீக்கம் வடிந்ததும் வாயைச் சரியாகப் பார்க்கவேண்டும், வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வீக்கம் வடிந்தது, வலி போனது, ஆள் வரவில்லை.

தை மாதம் அளவு பார்த்தபோது மற்ற நல்லவர்கள் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, பதினேழு மட்டும் புற்றுக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தது. மிச்சத் துண்டை வைத்து மறுபடியும் பார்த்தாள். அதேதான். அவளுடைய பேராசிரியர் முதலில், "ஐஸ்ல வச்சதுல ஏதோ தப்பு. ஒண்ணுதானே, எடுத்துடு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இது நோயைக் கண்டுபிடிக்கற டெஸ்ட் இல்லம்மா. இந்த நம்பரை வச்சுக்கிட்டு ஒருத்தரைப் பயமுறுத்தக் கூடாது. ஆனா அவர் வாயை நாம முழுசாப் பாக்கவே இல்லையே. அது நம்ம தப்பு. வரச் சொல்லு."

நான்கு நாள் போன் அடித்தாள். மலைமேல் போன் கிடைப்பது காற்றடிக்கிற திசையைப் பொறுத்தது. ஐந்தாம் நாள் தானே கிளம்பிவிட்டாள்.

வீட்டு வாசலில் தார்ப்பாயை விரித்து அப்பாசாமியின் மனைவி ராமாயி மிளகு மிதித்துக்கொண்டிருந்தாள். சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகி, சரங்களின்மேல் பாதத்தை அழுத்தித் திருப்பித் திருப்பி மிதிப்பாள். மணிகள் உதிர்ந்து காம்பு தனியாக வரும். பாதம் இரண்டும் கறுத்துப்போயிருந்தன. மிளகுச் சாற்றின் நெடியில் நாசருக்குத் தும்மல் வந்தது.

"இத்தன வருசமா வாங்கறீங்க, இன்னும் தும்மறீங்களே பாய்" என்று ராமாயி சிரித்தாள்.

உச்சிவேளைக்கு அப்பாசாமி வந்தார். குழாயடியில் கைகால் கழுவினார். வாயை மட்டும் வெகுநேரம் கொப்பளித்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் நுணுக்கிய மிளகில் தாளித்த கீரையும் ராமாயி இரண்டு தட்டுகளில் வைத்தாள். அப்பாசாமி தட்டில் சோறும் மோரும் மட்டும் இருந்தன.

"குழம்பு ஊத்தலீங்களா அத்தை?" என்றாள் ஆஸியா.

"ஊத்துனா யாரு உங்கறா கண்ணு? நாலஞ்சு மாசமாக் காரமே ஆகறதில்லங்கறாரு. மெளகுக்காரர் ஊட்டுல மோருஞ் சோறும்."

அவர் இடது பக்கமாகவே மென்றார். ஆஸியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் உக்காருங்க அத்தை."

"நீங்க உண்ணுங்க. மெளகுக் காலத்துல எனக்கு மத்தியானச் சோறு ஆகறதில்ல. மிதிக்கற சூடு வயித்துல ஏறிக்கும்."

"வருசா வருசம் இதையேதான் சொல்றீங்க" என்றார் நாசர்.

ஆஸியா தட்டை நகர்த்தி வைத்தாள். "மாமா, அன்னிக்குக் கேட்டத இன்னொருக்கா கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பொகையில போடறதே இல்லீங்களா?"

அவர் வாயைத் திறக்குமுன் ராமாயி பதில் சொல்லிவிட்டாள். "அவருங்களா? எம் பொண்ணு ராதிகாவுக்குப் பதினொரு வயசுல மூளைக்காச்சல் வந்து சேலத்துல ஏழு நாள் கண்ணு தொறக்காமக் கெடந்தா. எட்டாம் நாள் இவரு இங்க வந்து, ஊர்க்கோயில் வாசல்ல மண்ணத் தொட்டுச் சத்தியம் பண்ணுனாரு. இந்த மண்ணு மேல நிக்கற வரைக்கும் பொகையில தொடமாட்டேன், எம் புள்ளையக் குடுத்துருன்னு. அடுத்த நாள் காலைல தண்ணி வேணும்னு கேட்டா எம் புள்ள. இப்ப ஆலத்தூர் நாட்டுல கட்டிக்குடுத்து, வயித்துல ஏழு மாசம். இவரு வாக்கு தவறுனா அந்த வயிறு தாங்குங்களா?"

அப்பாசாமி தலை நிமிரவில்லை. தட்டில் இருந்த மோரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"வாயை ஒருதடவ காட்டுங்க மாமா. பாத்துட்டுப் போயிடறேன்."

"பல்லுதான் போயிருச்சே கண்ணு, அங்க என்ன கெடக்குது பாக்க? மரம் பாதில நிக்குது."

போய்விட்டார். நாசர் கை கழுவிக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "வற்புறுத்தாத கண்ணு. அந்த ஆளு இன்னும் மேல ஏறிக்குவாரு" என்றார் மெதுவாக.

"அந்த நம்பர் உங்க கையில இருந்தா விட்டுருவீங்களா அத்தா?"

நாசர் தார்ப்பாயிலிருந்து ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். பதில் யோசிக்கும்போதெல்லாம் அவர் செய்கிற வேலை அது. "விடமாட்டேன்" என்றார். "போயிட்டு வா."

ஆஸியா தனியாகத் தோட்டத்துக்குள் நடந்தாள். மூங்கில் ஏணி மரத்தில் சாய்ந்திருந்தது. மேலே இலைகள் அசைந்தன.

"மாமா, எறங்க வேண்டாம். மேலயே இருங்க. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"கேளு" என்று மேலிருந்து வந்தது.

"குச்சிக்கெழங்கத் தோண்டி மூணு நாள் போட்டு வச்சா என்ன ஆகும்?"

"உள்ளார நீலக்கோடு ஓடிரும். கசக்கும்."

"தோல் மேல தெரியுங்களா?"

"தோலு அப்படியேதான் இருக்கும். ஒடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"உங்க ஈறுத் துண்டுல அந்த மாதிரி ஒரு கோடு தெரியுது மாமா. அது கெட்டதா, ஒண்ணுமில்லாததா, எனக்குத் தெரியாது. மெய்யாலுமே தெரியாது. வாயப் பாத்தாத்தான் ஏதாச்சும் சொல்ல முடியும். பொகையில போடாத ஆளுக்கு அது ஏன் வந்துச்சுன்னு எனக்கு வெளங்கல. அதனாலதான் ஏறி வந்தேன்."

ஒரு மிளகுச் சரம் கை தவறிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மேல இருந்துக்கிட்டே சொல்றேன்" என்றார் அப்பாசாமி. "கீழ வந்தா என்னால சொல்ல முடியாது. மண்ணு மேல நின்னு நான் தொட்டதே இல்ல கண்ணு. ஒம்பது வருசத்துல ஒருநாக்கூட இல்ல. ஊட்டுல இல்ல, சந்தைல இல்ல, எழவு ஊட்டுல குடுத்தாக்கூட வாங்குனதில்ல."

"மரத்து மேல?"

"மரத்து மேல மண்ணு இல்லியே சாமி."

ஆஸியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"மொத வருசம் சும்மாத்தான் ஏறுனேன். குளுரு. ரெண்டு கையும் வேலைல இருக்குது, வயிறு கத்துது. ஒருக்காப் போட்டுப் பாத்தேன். போட்டுட்டு நாலு நாள் பயந்துக்கிட்டே கெடந்தேன். சாமி ஒண்ணும் பண்ணல. புள்ள பள்ளிக்கூடம் போய்க்கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு. சரி, சாமியும் ஒத்துக்கிச்சுன்னு நெனச்சேன்."

"அப்பறம் ஊர்மரமெல்லாம் ஏறுனீங்க."

"ஆமா கண்ணு." குரல் இறங்கியிருந்தது. "பாரத்துல நான் பொய் சொல்லல. நீ கேக்கறப்ப எங்காலு தரைல இருந்துச்சு. தரைல இருக்கற அப்பாசாமி பொகையில போடறவன் இல்ல."

இந்தக் கதையைக் கேட்டு அவரைத் திருடன் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமிக்குக் கொடுத்த வாக்கை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றுவதற்காக ஒரு மனிதர் ஒன்பது வருடப் பகலில் பாதியை மரக்கிளையில் கழித்திருக்கிறார். பாவம், அவருடைய கன்னத்துக்கு மண்ணும் மரமும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று.

"அப்ப மரத்து மேலயே பாத்துடறேன், கொஞ்சம் மட்டும் எறங்குங்க. மண்ண மிதிக்க வேண்டாம்" என்றாள் ஆஸியா.

அவர் மூங்கிலில் இறங்கி, தரைக்குமேல் மூன்றாவது கணுவில் நின்றுகொண்டார். வாயில் அடக்கியிருந்ததை ஓர் இலையில் துப்பி மடித்தார். அவள் பக்கத்தில் கிடந்த பாறையில் ஏறி நின்று, பையிலிருந்து உறையை எடுத்து மாட்டிக்கொண்டு, போனில் விளக்கைப் போட்டாள். அவர் குனிந்து வாயைத் திறந்தார். வலது கன்னத்தைக் கீழ் ஈறோடு சேரும் மடிப்பில் இழுத்துப் பார்த்தபோது இருந்தது. கட்டைவிரல் நகம் அகலத்துக்கு வெள்ளை. நடுவே சிவப்புப் புள்ளிகள். ஓரத்தை விரலால் அழுத்தினாள், கெட்டியாக இருந்தது.

"எப்ப இருந்து எரியுது?"

"பல்லு எடுக்கறதுக்கு முன்னாடியே. ஐப்பசி இருக்கும்."

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு வந்துருங்க மாமா. சின்னதா ஒரு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாக்கணும். அதுதான் சரியான பரிசோதனை. புத்தா இருந்தாலும் இப்பப் பாத்தா வைத்தியம் இருக்குது. மெளகு முடியட்டும்னு தள்ளிப்போட்டீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாரேன்" என்றார் கடைசியில். "ஆனா ராமாயிக்குத் தெரியக்கூடாது. ஈறுல வீக்கம்னு சொல்லு. பல்லு சரியாப் புடுங்கலன்னு சொல்லு. என்ன வேணாலும் சொல்லு. நான் வாக்கு தவறிட்டேன்னு தெரிஞ்சா, ராதிகாவுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட அவ செத்துருவா. அவளுக்குத் தெரியறதா இருந்தா நான் வரல கண்ணு. இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"தெரியும்ங்க."

இரண்டு பேரும் திரும்பினார்கள். ராமாயி கறுத்த பாதங்களோடு காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். கையில் தேத்தண்ணித் தூக்கு.

"உங்க சட்டைய ஒம்பது வருசமா யாருங்க தொவைக்கறா?" என்றாள். கோபம் இல்லாத குரல். "ரெண்டாவது மெளகுலயே தெரியும். பையில தூளு ஒட்டியிருந்துச்சு. கேட்டா நீங்க இல்லைன்னு சொல்லோணும், அது பொய்யாப் போயிரும், வாக்கு அன்னிக்கே முறிஞ்சுரும். கேக்காம இருந்தா முறியாதுன்னு நெனச்சேன். கோயிலுக்குப் போயி, அவரு போடறதுக்கு ஈடா நான் மெளகுக் காலம் முச்சூடும் மத்தியானம் ஒருபொழுது இருக்கறேன், எம் புள்ளையத் தொட்டுராதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மிதிக்கிற சூடு வயிற்றில் ஏறிக்கொள்ளும் என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

"எட்டு மெளகுக் காலமா பட்டினி கெடந்தியா?" என்றார் அப்பாசாமி.

"பட்டினி கெடந்தது பெருசில்லீங்க." அதுவரை நிதானமாக இருந்த குரல் அப்போதுதான் உடைந்தது. "சாமிகிட்டச் சொன்னத உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். நான் சண்ட போட்டிருந்தா அந்த வாயி தப்பிச்சிருக்கும்."

அவர் மீதிக் கணுக்களில் இறங்கினார். நாக்கில் புகையிலைக் காரல் இன்னும் இருந்தது. அப்படியே மண்ணில் காலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கொடிகளுக்குள் ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது. அவர் மனைவியின் கையிலிருந்து தூக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கறுத்த பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸியா அவர்களை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை பஸ் ஏறுமுன் இரண்டு பேரும் ஊர்க்கோயிலுக்குப் போனார்கள். அப்பாசாமி செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்று, ராமாயி காதுபட உரக்கச் சொன்னார். மரத்தின்மேல் போட்டதைச் சொன்னார், புகையிலை டப்பாவை எந்த மரத்துக் கவட்டையில் வைத்திருந்தார் என்பதையும் சொன்னார். "தப்பு என்னுது. கேக்கறதா இருந்தா என்னக் கேளு. புள்ளைய விட்டுரு, இவளையும் விட்டுரு" என்றார். மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

கல்லூரியில் ஆஸியா புதுப் பாரம் எடுத்து, அதே கேள்வியை அதே மாதிரி படித்தாள். அவர் நாற்காலியில் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, "உண்டு சாமி. ஒம்பது வருசமா மரத்து மேல. அதுக்கு முன்னாடி தரைல" என்றார். அவள் எழுதினாள். பதினேழாம் எண்ணை நல்லவர்கள் பட்டியலிலிருந்து எடுத்து, ஏன் எடுத்தோம் என்பதையும் அடியில் எழுதச் சொல்லியிருந்தார் பேராசிரியர். எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை வாயை முழுசாகத் திறக்கவைத்துப் பார்த்து, வெள்ளையின் ஓரத்தில் துண்டு எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

வெளித் தாழ்வாரத்துப் பெஞ்சில் அப்பாசாமி கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசக்கூடாது, மூன்று மணிநேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. பக்கத்தில் ராமாயி. மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. விடியற்காலையில் தூக்கில் கட்டிக்கொண்டு வந்த சாமைச் சோறு அவள் மடியில் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.

அவர் கையை நீட்டித் தூக்கின் மூடியைத் திறந்து அவள் பக்கமாக நகர்த்தினார்.

"வேண்டாங்க" என்றாள். "மெளகு இன்னும் முடியல."

அவர் தலையை ஆட்டினார். தன் மார்பில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு கீழே தன் பாதங்களைக் காட்டினார். தப்பு என்னுடையது, மண்ணில் நின்று சொல்லியாயிற்று என்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவர்களைத் தாண்டிப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ராமாயி சோற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். மென்று விழுங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு போதும் என்பதுபோல் மூடியைத் தேடினாள்.

அப்பாசாமி மூடியைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஒரு விரலைக் காட்டினார், இன்னொரு பிடி என்று. அவள் இன்னொரு பிடி எடுத்தாள்.